துப்புரவுத் தொழிலாளிக்கு எஜமான் யார்?

தெரு, சென்னை மாநகராட்சியுடையது. குப்பை அள்ளுகிறவரோ கம்பெனி ஆள்! மாநகராட்சி கம்பெனிக்குப் பணம் கொடுக்கும். கம்பெனி தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கும். இந்தக் குத்தகை முறை 2000-ம் ஆண்டிலேயே வந்து விட்டது.

2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் முறை. மாநகராட்சியிடம் தற்காலிகமாக வேலை பார்த்தவர்களைக் கம்பெனியில் சேரச் சொன்னார்கள். மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் வாங்கியவர்களுக்கு இனி சுமார் 17 ஆயிரம்தானாம். குறைகிற 6 ஆயிரம், வீட்டு வாடகை அல்லவா?

ஆகஸ்டு 1-ந் தேதி ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வெயில், மழை எதற்கும் அசையவில்லை. 13-ந் தேதி நள்ளிரவில் போலீசார் அப்புறப்படுத்தினார்கள்.

அதே மாதம் ஐகோர்ட்டு உத்தரவு வந்தது. குத்தகையை நீதிபதி ரத்து செய்யவில்லை. ஆனால், கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் மாநகராட்சி பார்த்துக் கொள்ள வேண்டும் என்றார்.