கடைமடையில் வேனில் பிறக்கும் வேளை

காரைக்காலில் வேனிலின் வரவு தண்ணீர் வடிவதில் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்த வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். காவிரியின் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். அணை மூடிய சில நாட்களில் அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு எல்லாவற்றிலும் ஓட்டம் தளர்கிறது. முதலில் ஆற்றின் நடுவே மணல் திட்டு தலை நீட்டும். பிறகு தண்ணீர் குட்டை குட்டையாகப் பிரிந்து தேங்கும். ஆற்று நீர் கடலைத் தள்ளும் வலுவை இழந்ததும் முகத்துவாரத்தில் மணல் சேர்கிறது, உப்புநீர் உள்ளே ஏறுகிறது. காவிரி கடைசியாக நனைக்கும் நிலங்களில் ஒன்று இது என்பதால், வறட்சியின் வாடை முதலில் தட்டுவதும் இங்கேதான்.

மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்கள், கிழக்கே வங்கக்கடல். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. இன்றும் புதுச்சேரியின் பகுதி. பருவம் மட்டும் இந்த எல்லையை மதிப்பதில்லை. இந்தப் பக்கத் திருநள்ளாற்றுக்கும் அந்தப் பக்க நன்னிலத்துக்கும் ஒரே பனி, ஒரே காற்று.

பனி உறையும் வட நாடுகளில் பகல் மளமளவென்று நீள்வதும் உறைபனி உருகுவதும் வசந்தத்தைச் சொல்லிவிடும். நில நடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு பாகையில் இருக்கும் காரைக்காலில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே இங்கே பருவத்தை ஈரத்தையும் காற்றையும் கொண்டுதான் அறிய வேண்டும். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. மரங்களோ மாசியிலேயே முந்திக்கொள்கின்றன.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது ஊர்வழக்கு. மழை மேகம் விலகிய வானத்தின் கீழ் தரை தன் வெப்பத்தை இரவில் விரைவாக இழந்து குளிர்கிறது. கடலோரக் காற்றிலோ ஈரப்பதம் மிகுதி. அந்த ஈரம் குளிர்ந்த இலையில் நீராகப் படிகிறது. விடியலில் நெடுங்காடு, கோட்டுச்சேரி வயல்வெளிகளில் மூடுபனி எட்டு மணி வரைகூட விலகாத நாட்கள் உண்டு. அதே நாளின் மதியத்தில் வெயில் சுள்ளென்று உறைக்கும். இரவுக் குளிரும் பகல் சூடும் இப்படி ஒரே நாளில் நேர் எதிராக நிற்பதே பருவம் மாறுவதன் தெளிவான அடையாளம்.

இந்தப் பனியை நம்பி ஒரு பயிரே இருக்கிறது. சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு நிற்கும்போது, அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, நெற்பயிருக்கு நடுவிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கப்படுகின்றன. அப்போது மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. நெல்லை அறுத்து எடுக்கும்போது தாளுக்கு இடையே இரண்டு இலை விட்ட பயறு கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு உழவு இல்லை, பாசனமும் கிடையாது. மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே எழுபது, எழுபத்தைந்து நாட்களில் விளைந்துவிடும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏடிடி 3 உளுந்து இந்த நெல் தரிசுக்கென்றே பெயர் பெற்ற ரகம்.

களிமண் வெடிக்குமுன் வேர் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதில்தான் இந்தச் சாகுபடியின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு வாரம் பிந்தினாலும் மாசி வெயில் மேல்மண்ணை இறுக்கிவிடும். பருவத்தை நாள் கணக்கில் அறிந்தவர்களின் விவசாயம் இது. டெல்டாவின் மிக நுட்பமான அறிவு எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பயறு வேர்முடிச்சுகளின் வழியே அடுத்த நெல்லுக்கு மண்ணில் தழைச்சத்தையும் சேர்த்து வைக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் இந்த முறைக்குச் சோதனை வந்தது. வண்டியின் எடையில் இளம் முளை நசுங்குகிறது, ஈர வயலில் சக்கரத் தடம் பள்ளமாகிறது. கை அறுப்புக்கோ ஆள் கிடைப்பதில்லை. பருவம் தப்பிய மழை இன்னொரு அபாயம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பெய்த கனமழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது, தெளித்திருந்த பயறும் நீரில் மூழ்கியது. தப்பிய ஆண்டுகளில் மாசிக் கடைசியில் வயலெங்கும் மஞ்சள் பூ. பங்குனி முடிவதற்குள் செடியைப் பிடுங்கிக் களத்திலும் சாலையோரத்திலும் காயவைத்து அடித்துவிடுவார்கள்.

பயறு போடாத வயல்களில் மாடும் வாத்தும் மேய்கின்றன. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு டெல்டாவுக்கு வந்து கிடை போடும் காலமும் இதுவே. புது நீர் வரும்வரை வயலுக்கு வயல் கிடை மாறும். ஆட்டு எருவுக்கு நில உடைமையாளர் கூலி தருவார்.

மரங்களில் முதலில் மாறுவது முருங்கை. தை முடிவிலேயே வெள்ளைப் பூச்சரம் தொங்கும். மா பூத்துப் பிஞ்சு பிடிக்கும்போது கல்யாண முருங்கை இலை உதிர்த்துச் சிவந்த பூக்களோடு நிற்கும். வேம்பும் புங்கனும் மாசியில் பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டுச் சில நாட்களிலேயே செந்நிறத் தளிர் விடுகின்றன. மழை ஒரு சொட்டும் இல்லாத மாதத்தில் தளிர் எங்கிருந்து வருகிறது என்றால், வேர் எட்டும் ஆழத்தில் ஐப்பசி மழையின் ஈரம் இன்னும் இருக்கிறது. கோயில் ஓரங்களில் மிஞ்சியிருக்கும் இலுப்பை பங்குனியில் பூக்கிறது. சதைப்பற்றுள்ள பூக்கள் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும். வௌவால்கள் இரவெல்லாம் அவற்றைத் தேடி வரும். பனையில் பாளை வெளிப்படுவதும் இந்த வாரங்களில்தான். தமிழ்நாட்டில் தடையுள்ள கள் புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் அனுமதிக்கப்பட்டது என்பதால், பாளை சீவும் தொழில் காரைக்கால் பக்கம் வெளிப்படையாகவே நடக்கிறது.

கடற்கரையில் அடையாளம் காற்று. மார்கழி முழுதும் அடித்த வாடை தணிந்து தெற்கிலிருந்து சோழகம் எழுகிறது. மழைக்காலத்தில் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடிய கடல் நீரோட்டம் பிப்ரவரி வாக்கில் திரும்பி வடக்கே ஓடத் தொடங்குகிறது. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி ஒரு முறைக்குச் சுமார் நூறு முட்டை இடுகின்றன. குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வலையில் சிக்கி மூச்சுத் திணறிக் கரை ஒதுங்கும் ஆமைகளும் இதே வாரங்களில் கிடக்கின்றன என்பது நெஞ்சைச் சுடும் உண்மை.

கடல் அடங்கிய இந்த நாட்களில் மாசிமகம் வருகிறது. நாகப்பட்டினம் மாவட்டத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் எல்லை கடந்து திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். மீனவர் குலத்துப் பெண்ணான பத்மினித் தாயாரை அவர் மணந்தார் என்பது தலவரலாறு. அதனால் மீனவர்கள் பெருமாளை மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்கிறார்கள். அறுவடை முடிந்த உழவர் கூட்டமும் கடற்கரை மக்களும் ஒன்றுசேரும் நாள் அது.

மாசி விடியலில் குயில் கூவத் தொடங்குகிறது. காகம் கூடு கட்டும் காலத்தை எதிர்பார்த்து எழும் குரல் அது. மழைக்காலத்தில் வந்த விருந்தாளிகளோ மூட்டை கட்டுகின்றன. தெற்கே கோடியக்கரைச் சதுப்புகளில் குளிர்காலத்தைக் கழித்த உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் வடக்கு நோக்கிப் புறப்படும். மின்கம்பிகளில் வரிசை கட்டிய தகைவிலான்கள் ஒவ்வொரு நாளும் குறையும். பெருங்கூட்டமாகச் சேரும் சூறைக்குருவிகள் ஏப்ரலுக்குள் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போய்விடும். அங்குள்ள கிராமங்களுக்கு அவற்றின் வருகைதான் வசந்தம்.

பங்குனி பாதிக்குப் பிறகு பனி அற்றுப்போகும், பகல் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டி நிற்கும், பிற்பகலில் கடற்காற்று ஊருக்குள் வரும். ஏப்ரல் 14-ல் சித்திரை பிறக்கும்போது வேப்பம்பூ பச்சடிக்கு வந்துவிடுகிறது. மறுநாள் 15-ஆம் தேதி தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காரைக்கால் துறைமுகத்தில் அவை வரிசையாகக் கட்டப்படும். அன்றிலிருந்து கோடை.