உங்களுக்குத் தெரியுமா? – நெட்வொர்க் டிரைவர் சொல்லும் பதில்

● லினக்ஸ் கெர்னலில் ஒரு ஃபங்ஷன் 0 என்று பதில் தந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது என்று பொருள். தோற்றால் மைனஸில் ஓர் எண் வரும். மெமரி கிடைக்கவில்லையா, -12. கருவியே இல்லையா, -19.

● நெட்வொர்க் டிரைவர்களில் திரும்பத் திரும்பத் திருத்தப்படும் பிழை ஒன்று உண்டு. கார்டைத் தயார்செய்யும் ‘புரோப்’ ஃபங்ஷன் பாதியில் தோற்கிறது. பிடித்த மெமரியை ஒழுங்காக விடுவிக்கிறது. பிழை எண்ணைப் போட மட்டும் மறந்துவிடுகிறது. முந்தைய படி வென்றபோது வந்த 0 அப்படியே வெளியே போகிறது. கார்டு தயார் என்று கெர்னல் நம்பிவிடும். பின்னொரு நாள் டிரைவரை நீக்கும்போது, எப்போதோ விடுவித்த மெமரியைத் தொட்டு சிஸ்டமே விழலாம். திருத்தம் பெரும்பாலும் ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சாதாரணமாக நினைக்கவே கூடாது.

● பாக்கெட் அனுப்பும் ஃபங்ஷன் ‘ஓகே’ என்றால், பாக்கெட் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமல்ல. ‘இனி அது என் பொறுப்பு’ என்றுதான் அர்த்தம். ‘பிஸி’ என்றால், பாக்கெட் இன்னும் கெர்னலிடமே இருக்கிறது, பிறகு மறுபடி தரும். பாக்கெட்டை அழித்துவிட்டு ‘பிஸி’ சொன்னால், அழிந்த பாக்கெட்டையே கெர்னல் மீண்டும் அனுப்பப் பார்க்கும். அனுப்பாமலும் அழிக்காமலும் ‘ஓகே’ சொன்னால் மெமரி கசியும்.

● பாக்கெட் அனுப்பும் இந்த ஃபங்ஷனின் ரிட்டர்ன் டைப்பை வெறும் ‘இன்ட்’ என்று அறிவித்த டிரைவர்கள் பல இருந்தன. அவை வருடக்கணக்கில் சிக்கலின்றி ஓடின. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-இல் கேசிஎஃப்ஐ என்ற பாதுகாப்பு சேர்ந்தது. அதை இயக்கினால், பாயின்டர் வழியாக அழைக்கப்படும் ஃபங்ஷனின் டைப் பொருந்தாதபோது கெர்னல் நின்றுவிடலாம். அதனால்தான் டிரைவர் டிரைவராக ரிட்டர்ன் டைப்பைத் திருத்தினார்கள்.

● -22 என்ற பிழை எண்ணை, மைனஸ் ஏற்காத 32 பிட் மாறியில் வைத்தால் 4294967274 ஆகிவிடும். ‘0-க்குக் கீழா?’ என்ற சோதனை அதைப் பிடிக்கவே பிடிக்காது.

● இன்டரப்ட் வரும்போது ‘இது என்னுடையதல்ல’ என்று டிரைவர் தவறாகப் பதில் சொன்னால்? 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேற்பட்டவற்றை யாரும் ஏற்கவில்லை என்றால் கெர்னல் அந்த இன்டரப்ட் லைனையே அணைத்துவிடும்.

● விட்டுப்போன பிழை எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க ‘ஸ்மாட்ச்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. டிரைவர் எழுதுபவர்களே, நிரலை அனுப்புவதற்கு முன் இந்தக் கருவியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.