மலைக் குழந்தைகளின் வெண்பாவை

ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வருகிறார்கள். சிசுவாகத் தாயின் இடுப்பில் வந்திருக்க வேண்டியவர்கள், ஐந்தாறு பிராயமாகி, என் கண் பரிசோதனை அறை நிலைப்படியில் இடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதே இதை எழுதத் தூண்டிய விசனம்.

பிள்ளை வளரட்டுமா?

முதியவர்களுக்குப் புரை முற்றும்வரை காத்திருந்த பழைய வழக்கத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், பிள்ளைக்கும் அதையே விதித்து, "கொஞ்சம் வளரட்டும்" என்கிறார்கள். பிறவிப் புரை ஒற்றைக் கண்ணில் இருந்தால் ஆறு வாரத்துக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் எட்டு வாரத்தையொட்டியும் அறுவை நடந்தாக வேண்டும். அந்த அவகாசத்தில் உருவங்களைக் காணாத மூளை பிறகு முழுமையாகப் பார்க்கப் பழகுவதில்லை. விழிகள் ஓயாமல் ஆடத் தொடங்கும், குழந்தை விரலால் கண்ணை அழுத்திக்கொண்டே இருக்கும். தாமதமாகிவிட்டதென்று வராமலே இருந்துவிடவும் வேண்டாம். வழி தெரிந்து நடக்கும் அளவுக்காவது பார்வை பலருக்குக் கிட்டுகிறது.

மாறுகண் அதிர்ஷ்டம் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. பார்வை மங்கிய கண்ணே பல சமயங்களில் அப்படி ஒதுங்குகிறது. புரைதானே என்று வீட்டில் வைத்திருந்த வெண்பாவை (கண்ணின் பாவையில் தெரியும் வெண்மை), சிலரிடத்தில் விழித்திரைப் புற்றாக இருந்து உயிருக்கே உலை வைக்கிறது. புரையா புற்றா என்று பிரித்தறிய, டார்ச் வெளிச்சமும் ஒரு ஸ்கேனும் பெரும்பாலும் போதும்.

சாறும் சொட்டு மருந்தும்

தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு என எதைப் பிழிந்தாலும், கண்ணின் உட்புறத்திலுள்ள புரை கரையாது. கருவிழியில் புண்தான் மிஞ்சும். இதற்காக மலைவாசிகளை மட்டும் நிந்திப்பது அநியாயம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விட்டு, புரையையும் கண்ணழுத்தத்தையும் தாமே வரவழைத்துக்கொள்ளும் பட்டணத்துப் படிப்பாளிகளை என்னென்பது!

டார்ச் வெளிச்சமும் ஒரு ஸ்கேனும் பெரும்பாலும் போதும்.

அறுவைக்குப் பின்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் உள்லென்ஸ் வைப்பதில்லையாதலால், கனத்த கண்ணாடியே அதன் பார்வை. ஒற்றைக் கண் புரையானால் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைக்கவும் வேண்டும். கண்ணழுத்தம் பல ஆண்டுகள் கழித்தும் ஏறக்கூடும். ஆனால் சாமை அறுப்பு வந்துவிட்டால், ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழந்து மறுபரிசோதனைக்கு யார் இறங்குவார்? அறுந்த நாடாவுக்குப் பதிலாகப் புடவைக் கிழிசலால் பிள்ளையின் தலையோடு கண்ணாடியைக் கட்டி அழைத்துவந்த தாய் ஒருத்தியைக் கண்டேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சிரத்தைக்கு அங்கே பஞ்சமில்லை, பஸ்ஸுக்குத்தான் பஞ்சம்.

ஒரு விண்ணப்பம்

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாக்கும் ரூபெல்லா, சிசுவின் கண்ணில் புரையாக முடியலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியை, காய்ச்சல் வருமென்று பயந்து மறுக்காதீர்கள். பெண் குழந்தைக்குப் போடும் ஊசி, அவள் பெறப்போகும் பிள்ளையையும் காக்கிறது. அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள், தயவுசெய்து. நர்ஸம்மாக்களே, பிரசவம் முடிந்ததும் சிசுவின் இரு கண்களிலும் டார்ச்சை ஒருமுறை அடித்துப் பாருங்கள்; பாவையில் வெண்மை தெரிந்தால், தீட்டுக் கழியட்டும் என்று சொல்ல விடாமல், அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பிவையுங்கள்.