இருக்கை உரிமை

இருக்கை உரிமை என்பது, கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் வேலையின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை பெறும் உரிமை ஆகும்.

பின்னணி

அலுவலகப் பணியாளருக்கு நாற்காலி இயல்பாகவே கிடைக்கின்றது. துணிக்கடை, நகைக்கடை விற்பனையாளர்களோ வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் நின்றுகொண்டிருப்பது பல கடைகளில் வழக்கமாக இருந்தது. நாள் முழுதும் நிற்பதால் கால் வீக்கம், முதுகுவலி, நரம்புச் சுருட்டல் முதலியன ஏற்படலாம்.

சட்டங்கள்

பிரித்தானியாவில் கடைகளில் பணிபுரியும் பெண்களுக்கு இருக்கை வழங்கும் சட்டம் 1899 இல் இயற்றப்பட்டது. இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நின்று பணிபுரிவோருக்கு இருக்கை வசதியை வலியுறுத்தியது. எனினும் அது கடைகளுக்குப் பொருந்தவில்லை. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண் தொழிலாளர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து, கேரளம் 2018 இல் தன் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில், 1947 ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்க்கும் சட்டமுன்வரைவு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இதன்படி, சென்னையின் பெருங்கடைகளைப் போலவே அறந்தாங்கி போன்ற நகரங்களின் கடைகளும் பணியாளர் அனைவருக்கும் இருக்கை அமைத்தல் வேண்டும்.

பயன்பாடு

வாடிக்கையாளரைக் கவனிக்கும்போது அமர்ந்திருப்பதை இவ்வுரிமை குறிப்பதில்லை; பணியின் இடைவெளிகளில் அமர்வதையே குறிக்கும். இருக்கை போடப்பட்டிருந்தும் அமரத் தடை இருக்குமாயின், சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது.