தாழ்த்திய காரில் டயர் உரசுவது ஏன்?
வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

டயர் கடைகளிலும் மோட்டார் ஒர்க்‌ஷாப்புகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

ஒரு கார் வருகிறது. ஸ்பிரிங்கை மாற்றி, ஒன்றரை அங்குலம் தாழ்த்தியிருக்கிறார்கள். பளபளக்கும் அலாய் வீல், அகலமான புது டயர். பார்க்க அழகுதான். ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'கர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் 'சர்ர்' என்று இன்னொரு சத்தம்.

"புது டயர் இல்லையா, ஓடஓடச் சரியாகிவிடும்" என்கிறார் காரின் சொந்தக்காரர்.

சரியாகாது. மட்கார்டின் ஓரத்தில் தகடு உள்பக்கமாக மடிந்திருக்கும். அது கத்தி மாதிரி. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் அது டயரின் பக்கவாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால் பஞ்சர் போடலாம். பக்கவாட்டு அறுந்தால் பஞ்சர் போட முடியாது. உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்த பிறகும் அந்த டயரோடு நெடுஞ்சாலையில் போனால், டயர் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

தாழ்த்துவது எதற்கு?

இது வெறும் அலங்காரம் அல்ல. காரின் பாரம் தரைக்கு நெருங்கி இருந்தால், வளைவில் வண்டி சாய்வது குறைகிறது. பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டி ஓடுவது இதனால்தான்.

ஆனால் பள்ளம் மேடுகளில் சக்கரம் மேலே எழும்புவதற்காக, மட்கார்டுக்குள் கம்பெனிக்காரர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தினால், நிற்கும்போதே அந்த இடத்தில் 35 மில்லிமீட்டர் போய்விடும். மீதி இருக்கும் இடத்தில் எந்த டயர் அடங்கும் என்பதுதான் கேள்வி.

டயரில் உள்ள எண்கள்

ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ம் ஆண்டு 'மியாட்டா' என்ற ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்தது. இருவர் மட்டும் உட்காரும் சின்னக் கார். 2016-ம் ஆண்டு இதன் தயாரிப்பு 10 லட்சத்தைத் தாண்டியது. தாழ்த்தி ஓட்டுவோருக்கு மிகவும் பிடித்த கார் என்பதால், இதையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம்.

முதலில் வந்த மியாட்டாவின் டயர் அளவு 185/60 ஆர் 14. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கவாட்டின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 111 மில்லிமீட்டர். கடைசியில் உள்ள 14, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டரில் 355.6.

ரிம்முக்கு மேலே ஒரு பக்கவாட்டு, கீழே ஒரு பக்கவாட்டு. ஆகவே 111-ஐ இரண்டு முறை கூட்ட வேண்டும். டயரின் மொத்த உயரம் 577.6 மில்லிமீட்டர்.

இந்தக் காருக்கு 15 அங்குல ரிம் போடுகிறவர்கள் 195/50 ஆர் 15 டயரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். கணக்குப் போட்டால் அதன் உயரம் 576. பழைய டயருக்கும் இதற்கும் வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்தான்! ரிம் பெரிதானால் டயரும் பெரிதாகிவிடும் என்று நினைப்பது தவறு.

அதே ரிம்மில் 205/50 போட்டால் உயரம் 586. அகலமும் 10 மில்லிமீட்டர் கூடுகிறது. 195/55 போட்டால் உயரம் 595.5, பழையதை விட 18 மில்லிமீட்டர் அதிகம். அதில் பாதி, 9 மில்லிமீட்டர், மேலே மட்கார்டை நோக்கிப் போகிறது. தாழ்த்தாத காரில் இது தெரியாமல் போகலாம். தாழ்த்திய காரில் தகடு காட்டிக் கொடுத்துவிடும்.

எந்த ரிம்மில்?

"என் நண்பன் காரில் இதே சைஸ்தான். உரசவே இல்லை" என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த ரிம்மில் என்று கேட்க வேண்டும்.

ரிம்மின் உள்பக்கத்தில் 'இ.டி. 45' அல்லது 'இ.டி. 35' என்று பொறித்திருப்பார்கள். இதை 'ஆப்செட்' என்கிறார்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது அச்சில் போல்ட் போட்டு உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் இது. இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும்.

6 அங்குல அகலம், ஆப்செட் 45 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குலம், ஆப்செட் 35 ரிம்மைப் போடுவதாக வைத்துக் கொள்வோம். அகலத்தால் ஒவ்வொரு பக்கமும் 12.7 மில்லிமீட்டர். ஆப்செட்டால் வெளியே இன்னும் 10. ரிம்மின் வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் மட்கார்டு பக்கம் வந்துவிட்டது. டயர் சைஸில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, இருந்தும் உரசும்!

சின்ன டயர் போட்டால்?

உரசலுக்குப் பயந்து சின்ன டயருக்குப் போகிறவர்களும் உண்டு. அதிலும் கணக்கு இருக்கிறது.

மாருதி ஸ்விப்ட் காரில் கம்பெனியே இரண்டு அளவு டயர் கொடுத்திருக்கிறது. ஒன்று 165/80 ஆர் 14, உயரம் 619.6. மற்றது 185/65 ஆர் 15, உயரம் 621.5. ரிம் ஒரு அங்குலம் மாறியும், டயரின் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கிறது.

இந்தக் காரில் மியாட்டாவின் 195/50 ஆர் 15 டயரைப் போட்டால் உயரம் 45 மில்லிமீட்டர் குறைகிறது. உரசாதுதான். ஆனால் ஸ்பிரிங்கில் தாழ்த்தியது போதாதென்று, காரின் அடிப்பகுதி இன்னும் 22 மில்லிமீட்டர் கீழே இறங்கும். வேகத்தடை வயிற்றில் இடிக்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, உண்மையில் வண்டி போவது சுமார் 93. எல்லாவற்றையும் விட முக்கியம் பாரம். 185/65 டயரில் சைஸை அடுத்து வரும் 88 என்ற எண், அது 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 195/50 டயரில் இருக்கும் எண் 82. அது தாங்குவது 475 கிலோ. தீபாவளிக்குக் குடும்பத்தோடு, மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குப் போகிற காருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

சட்டமும் உண்டு. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பு அளித்தது. கம்பெனி அனுமதித்த டயர் அளவு எது என்பதை டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் பார்க்கலாம். செலவு செய்வதற்கு முன் அதைப் படிப்பது நல்லது.

சாக்பீஸ் சோதனை

மட்கார்டின் உள் மடிப்பைத் தட்டி மேலே மடித்து இடம் உண்டாக்கும் வேலை ஒன்று உண்டு. பெயிண்டைச் சூடாக்கி இளக்காமல் மடித்தால் அது வெடிக்கும். அடுத்த மழைக்காலத்தில் துரு பிடிக்கும். சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து அலைன்மென்ட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அளவோடு சாய்த்தால் இடம் கிடைக்கும். மிஞ்சினால் டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும்.

அனுபவசாலி மெக்கானிக் டயர் மாட்டியவுடன் காரைக் கையில் கொடுத்துவிட மாட்டார். நான்கு டயர்களின் இரண்டு ஓரங்களிலும் சாக்பீஸால் தேய்ப்பார். பின் சீட்டில் ஆள் ஏற்றுவார். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்து, வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்குவார். பிறகு இறங்கி, குனிந்து பார்ப்பார். சாக்பீஸ் அழிந்திருக்கும் இடம்தான் உரசும் இடம்.