கைவிரலில் உறங்கும் மின்சாரம்

உலர்ந்த தலைமயிரைச் சீப்பால் வாரி, அச்சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே பிடித்து விளையாடாத பிள்ளைகள் இரார். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். உராய்வினால் பிறந்து, போக்கிடமின்றித் தங்கி நிற்கும் அம்மின்சாரத்தை நிலைமின்சாரம் என்கிறோம். அது கணிப்பொறிக்கு நஞ்சாவது எங்ஙனம் என்பதையே இன்று கூற வந்தேன்.

நான் வாழும் புதுவைக் குருசுக்குப்பம் கடலை ஒட்டிய பகுதி. இரும்புத் தாழ்ப்பாள் விரைவில் துருவேறும் அளவுக்குக் காற்றில் ஈரம் உண்டு. "இந்த ஈரத்தில் நிலைமின்சாரமாவது, மண்ணாங்கட்டியாவது!" என்று அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் வாதிட்டார். சேர்த்து வைத்த பணத்தில் நினைவகத் தகடு ஒன்று வாங்கித் தாமே பொருத்தவிருந்தார் அவர்.

அவர் வாதத்தில் பாதி உண்மை. ஈரக்காற்றில் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிவதால் மின்னேற்றம் கசிந்துவிடுகிறது. வறண்ட காற்றில் கம்பளத்தின் மீது நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும். ஈரக்காற்றில் அதே நடைக்கு 1,500 வோல்ட் என்பது வழக்கமாகக் காட்டப்படும் கணக்கு.

மற்றப் பாதியைக் கேளுங்கள். விரல்நுனியில் 'சுரீர்' என்று நாம் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். கணிப்பொறியின் நுண்ணுறுப்புகளில் சிலவோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெடும். அவற்றினுள் இருக்கும் காப்புப்படலத்தின் தடிப்பு தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே கடற்காற்று ஆபத்தை ஒழிப்பதில்லை. நம் உணர்வுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்த்துகிறது, அவ்வளவே. சுட்டாலாவது கையை இழுத்துக்கொள்வோம்! படலத்தில் ஊறு நேர்ந்த பொறி அன்றே நிற்க வேண்டும் என்பதுமில்லை. சில வாரங்கள் ஓடிவிட்டுத் தேர்வுக்கு முந்திய இரவில் நின்றாலும் நிற்கும்.

காப்பு எளிது. பொறியை நிறுத்தி, மின்னிணைப்பை அகற்றுங்கள். உறுப்பைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உங்கள் உடலும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். எழுந்து நடந்து திரும்பினால் மீண்டும் தொடவேண்டும். தகட்டை விளிம்பில் பிடியுங்கள். பொருத்தும் கணம் வரை அது வந்த காப்புறையிலேயே இருக்கட்டும். நைலான் சட்டையைவிடப் பருத்திச் சட்டை நன்று.

இதற்கெனவே விற்கப்படும் மணிக்கட்டுப் பட்டை இன்னும் நன்று. அதன் கம்பியில் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று அமைந்திருக்கும். மறு கை தவறி 230 வோல்ட் மின்கம்பியில் பட்டாலும், பட்டையின் வழியே பாயும் மின்னோட்டத்தை அது கால் மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். காசை மிச்சப்படுத்த வெறும் செப்புக்கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வோரைக் கண்டிருக்கிறேன். தகட்டைக் காக்கப்போய் உயிரைப் பணயம் வைப்பதன்றோ அது!

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறவாதீர்கள். இணைப்பை அகற்றிய பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். அதற்கு மணிக்கட்டுப் பட்டை காப்பாகாது.