மூன்றாம் இடத்து எழுத்து

ஆங்கிலத்தில் 'கே' என்னும் எழுத்தை முதலிடத்தில் கொண்ட சொற்கள் மிகுதியா, மூன்றாம் இடத்தில் கொண்ட சொற்கள் மிகுதியா? மூன்று எழுத்துகளுக்குக் குறைந்த சொற்களை விட்டுவிடலாம். அகராதியைப் புரட்டாமல் அரை நிமிடம் எண்ணிப் பாருங்கள். 'கிங்', 'கீ', 'கைட்', 'கிச்சன்' என முதல் வகைச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். இரண்டாம் வகையைத் தேடினால் மனம் தடுமாறும். ஆகவே, முதல் வகையே மிகுதி என்று விடை சொல்லிவிடுவோம்.

உண்மை நேர்மாறானது. வழக்கமான ஆங்கில உரைநடையில் 'கே' மூன்றாம் இடத்தில் வரும் சொற்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 'மேக்', 'டேக்', 'லைக்', 'ஆஸ்க்', 'பைக்', 'கேக்' ஆகிய எல்லாமே அவ்வகைதான். அன்றாடம் நாவில் புழங்கும் இச்சொற்கள், தேடியபோது மட்டும் ஒளிந்துகொள்கின்றன.

உளவியல் அறிஞர்களான ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் இக்கேள்வி இடம்பெற்றது. கே, எல், என், ஆர், வி ஆகிய ஐந்து எழுத்துகளைக் குறித்து 152 பேரிடம் கேட்டார்கள். ஐந்துமே மூன்றாம் இடத்தில் மிகுதியாக வருபவை. ஆயினும் 105 பேர், அவற்றுள் பெரும்பாலான எழுத்துகள் முதலிடத்திலேயே மிகுதி என்றனர். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கில மெய்யெழுத்துகள் இருபதில் பன்னிரண்டு, முதலிடத்தில்தான் மிகுதியாக வருகின்றன. பலமுறை சரியாக வழிகாட்டும் உள்ளுணர்வு என்பதால்தான், அது வழிதவறும் இடம் நமக்குத் தெரிவதில்லை.

காரணம் எளியது. நம் நினைவில் சொற்கள் பெரும்பாலும் முதலெழுத்தைப் பற்றிக்கொண்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வழியில் தேடினால் கிடைக்கும். வேறு வழியில் தேடினால் கிடைப்பது அரிது. இதுவரை தவறேதும் இல்லை. அடுத்த படியில்தான் தவறு நேர்கிறது. எளிதில் கிடைப்பது ஏராளம் என்றும், எளிதில் கிடைக்காதது சொற்பம் என்றும் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது.

பத்தாண்டுகளுக்குப் பின் அவ்விருவரும் இதை இன்னும் கூர்மையாக்கினர். ஒரு நாவலின் நான்கு பக்கங்களில், அதாவது ஏறத்தாழ 2,000 சொற்களில், 'ஐ-என்-ஜி' என முடியும் ஏழெழுத்துச் சொற்கள் எத்தனை இருக்கும் என்று ஒரு குழுவினரைக் கேட்டனர். ஆறாம் எழுத்தாக 'என்' வரும் ஏழெழுத்துச் சொற்கள் எத்தனை என்று மற்றொரு குழுவினரைக் கேட்டனர். முதல் குழுவின் இடைநிலை மதிப்பீடு 13.4, இரண்டாம் குழுவினுடையது 4.7. 'ரீடிங்', 'வாக்கிங்' போன்ற முதல் வகைச் சொற்கள் அனைத்திலும் ஆறாம் எழுத்து 'என்' தானே? அவற்றோடு 'ஸ்டூடன்ட்', 'பேமென்ட்', 'பிரசென்ட்' என்பனவும் சேரும்போது இரண்டாம் வகை குறைய வழியே இல்லை. பகுதி முழுமையைவிடப் பெரிதாகத் தோன்றியிருக்கிறது.

பொருளாதாரத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. 2002-இல் கானமனுக்குக் கிடைத்தது பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு என்பதே அதற்கு விடை. காப்பீடு எடுப்பவரும், பங்குச்சந்தையில் முதலிடுபவரும், நிதியைப் பங்கிடும் அரசும் எதை நினைவிலிருந்து எளிதாக எடுக்க முடிகிறதோ அதைக் கொண்டே இடரை அளக்கின்றனர்.

தப்பிக்கும் வழி ஒன்று உண்டு: அடுக்கும் முறையை மாற்றுவது. தமிழ் இதை நெடுநாளாக அறியும். நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தன. 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வகையாகச் சொற்களை அடுக்கியது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. ஆகவே, செய்யுள் இயற்றுவோர்க்கு உதவுவது தொடை அகராதியே. இன்று கணினியும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படுத்தி ஒரு குறியாக வைத்துக்கொண்டால், 'லிஸன்', 'சைலன்ட்' இரண்டும் ஒரே குறியின்கீழ் வந்து விழும். சொற்கள் பழையவை, அடுக்கு மட்டும் புதிது.

நான் வாழும் மணலி புதுநகரின் இடர்களையும் இக்கண்ணாடி வழியே பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியின் மாசு என்றதும் எவருக்கும் நினைவில் வருபவை 2023 டிசம்பர் நிகழ்வுகள்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்ப் படலம், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் உர ஆலைக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா. இவை முதலெழுத்துச் சொற்கள். தேதி உண்டு, படம் உண்டு. விசாரணையும் நிவாரணமும் தொடர்ந்தன. மீனவர் இழந்ததை எண்ணினால் அந்தக் கவனமும் போதாதுதான்.

ஆனால், ஆண்டு முழுவதும் சுவாசிக்கும் நுண்துகளுக்குத் தேதி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. காற்றில் 2.5 மைக்ரான் அளவு வரையுள்ள நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை 15. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வரம்பைத் தாண்டியது என்பது எவர் நினைவிலும் தங்காது. நினைவில் தங்காதது நிதிநிலை அறிக்கையிலும் தங்குவதில்லை.

மணலியில் காற்றை இடையறாது அளக்கும் நிலையம் இருக்கிறது. அளவீடுகள் இணையத்திலும் வெளிவருகின்றன. குறை, அடுக்கிலேயே உள்ளது. மருத்துவமனைப் பதிவேடுகள் பெரும்பாலும் தேதி வரிசையில் அமைந்தவை. மூச்சுத்திணறலுடன் வரும் குழந்தைகளைத் தெருவாரியாக அடுக்கினால் வேறொரு சித்திரம் எழக்கூடும். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா மரணங்களை வீட்டு முகவரிப்படி வரைபடத்தில் குறித்தபோதுதான், அவை ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றித் திரண்டிருப்பது தெளிவாகப் புலப்பட்டது.

மாநகராட்சியின் மணலி மண்டலத்தில் மூன்று செயல்கள் போதும். மாதத்தில் எத்தனை நாள்கள் வரம்பு மீறப்பட்டது என்ற எண்ணைப் பள்ளிகளிலும் வார்டு அலுவலகங்களிலும் தமிழில் எழுதி வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்கள், நோயாளியின் பெயரை வெளியிடாமல், சுவாச நோய்களைத் தெருவாரியாகத் தொகுக்கலாம். இவ்விரு பட்டியல்களையும் ஆண்டுதோறும் மன்றக் கூட்டத்தில் அருகருகே வைத்து விவாதிக்கலாம். புதிய கருவியோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. நினைவுக்கு வராததையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் வேண்டும்.